புருலின் ஒன்பது வெள்ளிக் காசுகள்

எங்கள் ஊர் அத்பாஷியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போன யாரும் புருலின் கண்ணில் படாமல் உள்ளே போயிருக்க முடியாது. சந்தையின் இரும்புக் கதவை ஒட்டி ஒரு முக்காலி. அதில் கம்பளிக் கோட்டும் ஆண்கள் போடும் பூட்ஸுமாக உட்கார்ந்திருப்பவள் அவள்தான். உள்ளே போகிற ஆட்டுக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் கட்டணச் சீட்டு கிழித்துக் கொடுப்பது வேலை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, ஒரு சீட்டுக் காசை மிச்சம் பிடிக்க ஆட்டைக் காரின் டிக்கியில் போட்டு மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். ஒருத்தன் வெள்ளாட்டுக்குத் தன் மனைவியின் தலைத்துண்டைக் கட்டிப் பின் இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். “மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றான். புருல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

“மாமியாருக்குத் தாடி முளைச்சிருக்கு. மொதல்ல சீட்டு வாங்கு, அப்புறம் ஊசி போடலாம்.”

இப்படிப்பட்ட கதவில் பதினாறு வருஷம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகப் புத்தி வராது? அவளுக்கு அது வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணவன் ஜோல்தோஷ் பசுமாடு திருட்டுப்போய்விட்டது என்று கண்ணீர் விட்டான். இவளும் கூடச் சேர்ந்து அழுதாள். பிறகு பார்த்தால் மாட்டை விற்று ரஷ்யாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். ஒரு பனிக்காலம் வேலை செய்துவிட்டு வருகிறேன் என்று போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். பிள்ளை குட்டி இல்லை. அன்றிலிருந்து புருலின் கையில் யார் எதைக் கொடுத்தாலும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் வாங்கமாட்டாள். நோட்டானாலும் சரி, ரொட்டியானாலும் சரி. பண்டிகைக்குப் பக்கத்து வீட்டுக்காரி தட்டு நிறையப் போர்சோக் பலகாரம் பொரித்துக் கொண்டுவந்தால், “என்ன, அடுப்புக்கு விறகு வேணுமா?” என்பாள். பக்கத்து வீட்டுக்காரி மூன்றாவது வருஷத்தோடு கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். “பாத்தியா, விறகு கிடைக்கலைன்னதும் நிறுத்திட்டா” என்றாள் புருல்.

அவளுடன் கூட இருந்த ஒரே ஜீவன் அக்தோஷ், மார்பு வெளுத்த ஒரு பெரிய நாய். அதன் கழுத்துப்பட்டையில் மூன்று கருத்த காசுகள் தொங்கும், ஓடிவந்தால் சலசலக்கும். டிக்கியில் ஆடு வைத்திருப்பவனுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வியர்க்கும்.

போன பனிக்காலத்தில் புருலின் அம்மா ஸைரகான் இறந்துபோனாள். அம்மா இருந்தது தம்பி எசென் வீட்டில். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு, எசெனின் மனைவி ஜிபார் உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து புருலின் மடியில் வைத்தாள். பிரித்தால், அம்மாவின் சடைக் குஞ்சலம். கறுப்புப் பட்டு நூலில் கோத்த ஒன்பது பெரிய வெள்ளிக் காசுகள், ஜார் மன்னரின் தலை போட்டவை. அம்மா கல்யாண வீடுகளுக்கு நடந்து போனால் அவள் வருவது தெருமுனையிலேயே கேட்கும்.

“அத்தை இதை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க அக்கா” என்றாள் ஜிபார்.

புருலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் மாமியாரின் வெள்ளி கூட இருந்து பார்த்த மருமகளுக்குப் போவதுதான் வழக்கம். கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள். கேட்காமலே கொடுக்கிறாள் என்றால்? அதுவும் படுக்கையில் கிடந்த கிழவிக்கு ஐந்து வருஷம் மலப் பீங்கான் பிடித்தவள், பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள், நான்காவதை வயிற்றில் சுமந்துகொண்டிருப்பவள்?

“நீ வச்சுக்கலையா?”

“எனக்கு எதுக்கு அக்கா? உங்களுதுதானே.”

புருல் காசுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஜிபார் அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையும் புருல் மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவளுக்குத் தூக்கம் கெட்டது. இந்தக் காசுகளில் என்ன குறை? குறை இல்லாமல் கொடுப்பாளா? அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, விலை போட்டுப் பார்ப்பது. விற்கிற எண்ணம் துளியும் கிடையாது. விலை என்பது ஒரு பொருளைப் பற்றி அடுத்தவன் வாயிலிருந்து வருகிற வாக்குமூலம் என்பது அவள் சந்தையில் கற்ற பாடம்.

விலை போடப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு காசின் துளையிலும் ஒரு சிவப்பு நூலை விட்டுத் தனக்கு மட்டும் தெரிந்த மாதிரி முடிச்சுப் போட்டாள். பார்க்கிறவன் கண் இமைக்கிற நேரத்தில் மாற்றிவிடுவான் அல்லவா.

முதலில் போனது நாரின் நகரத்துக்கு. அங்கே சந்தைக்குப் பின்னால் துர்துபெக் என்று ஒருத்தன், பழைய சமோவார், பதக்கம், தந்தச் சீப்பு எல்லாம் வாங்கி விற்பவன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குஞ்சலத்தைக் கையில் வாங்க வந்தான். புருல் விடவில்லை. ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறு முனையை அவன் பிடித்துக்கொண்டு பார்த்தான். மாட்டுச் சந்தையில் தாம்புக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிற மாதிரிதான்.

“எல்லாத்துலயும் ஓட்டை” என்றான் துர்துபெக்.

“ஓட்டை போடாம சடையில எப்படித் தொங்கும்?”

“சடையில தொங்கும், என் கடையில தொங்காது. சேகரிக்கிறவன் ஓட்டைக் காசைத் தொடமாட்டான் அக்கா. ஓட்டை இல்லாம இருந்தா ஒண்ணுக்கு ஒரு ஆட்டுக்குட்டி விலை சொல்லலாம். இது வெறும் எடைக்குத்தான். ஒண்ணுக்கு ரெண்டு கிலோ கறி வரும், அவ்வளவுதான்.”

“அப்போ ஒம்போதுக்கும் பதினெட்டு கிலோ.”

“உங்களுக்காக இருபதுன்னு வைங்க.”

புருல் குஞ்சலத்தைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுக்குப் போவதற்குள் அவன் இருபத்தைந்து என்றான். வாசற்படியில் கால் வைத்ததும் முழுக் கிடாய் விலைக்கே வந்துவிட்டான். புருலுக்குச் சந்தேகமே இல்லை. எடைக்குத்தான் என்று சொன்ன வாயே இப்படி ஏற்றிக்கொண்டு போகிறதென்றால், இவன் எதையோ கண்டுவிட்டு நம் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான். சரி, காசு நல்ல காசுதான். அப்படியானால் ஜிபார் ஏன் கொடுத்தாள்? திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றது புத்தி.

அடுத்து, எங்கள் ஊர்த் தட்டான் சகின். குதிரைச் சேணத்துக்கு வெள்ளித் தகடு அடிப்பவன், பேச்சில் எப்போதும் குத்தல். புருல் அக்தோஷை வெளியே கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போனாள்.

“என்ன புருல், பட்டறைக்கும் சீட்டு வாங்கணுமா?”

“வாயை மூடிட்டு இதைப் பாரு. அரம் போடக் கூடாது. அமிலம் ஊத்தக் கூடாது.”

“தொடலாமா, இல்ல தூரத்துல இருந்து கும்பிட்டுக்கணுமா?”

சகின் அரமும் போடவில்லை, அமிலமும் ஊற்றவில்லை. ஒவ்வொரு காசையும் நூலோடு பிடித்து இரும்புப் பட்டடையின் ஓரத்தில் லேசாகத் தட்டினான். முதல் காசு கணீரென்று ஒலித்து, அந்த ஒலி அறை மூலை வரைக்கும் போய் மெல்ல ஓய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, ‘டக்’. அவ்வளவுதான். சகின் புருவத்தைத் தூக்கினான். இன்னொரு தடவை தட்டினான். டக். ஒன்பதில் ஆறு பாடின. மூன்று ஊமை.

பிறகு தராசில் வைத்தான். ஊமைகள் எடை குறைவு. விளிம்பைக் காட்டினான். நல்ல காசின் விளிம்பில் எத்தனை வெள்ளி இருக்கிறது என்று பழைய ரஷ்ய எழுத்தில் குழித்து எழுதியிருந்தது. ஊமைகளின் விளிம்பில் வெறும் கோடு.

“இது கரண்டி செய்யிற உலோகம். ஊர் பார்க்க வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு ரோட்டோரத்துல விக்கிறானுங்களே, அது. ரெண்டு கோப்பைத் தேநீர் விலை.”

புருலின் முகம் சுண்டிப்போயிற்று. “நீ மாத்திட்டியா?”

சகின் கோபப்படவில்லை. கோபப்பட்டுப் பட்டு அவனுக்கு அலுத்திருந்தது. “உன் சிவப்பு முடிச்சு அப்படியே இருக்கா, பாரு.”

பார்த்தாள். இருந்தது.

“இன்னொண்ணும் பாத்துக்கோ. ஆறு காசைக் கட்டியிருக்கிறது பழைய பட்டு நூல். இந்த மூணையும் கட்டியிருக்கிறது நைலான். யாரோ வெட்டிட்டுத் திரும்பக் கட்டியிருக்காங்க. கட்டினது கை தேர்ந்த கை, தையல் தெரிஞ்சவங்க.”

தையல் தெரிந்தவர்கள். சகினுக்கு அது வெறும் பேச்சு. புருலுக்கு ஒரு கதவு படாரென்று திறந்த மாதிரி இருந்தது. வெளியே வந்து நாயை அவிழ்த்தாள். அக்தோஷ் அவளைச் சுற்றிக் குதித்ததில் கழுத்துக் காசுகள் சலசலத்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தாள்.

அந்தக் காசுகள் வந்த வழி இது. குழந்தை பிறந்து நாற்பது நாளானால் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவோம். அந்தத் தண்ணீரில் வெள்ளி கிடக்க வேண்டும். கரண்டி பிடிக்கிற மூத்த பெண் கடைசியில் அந்த வெள்ளியை எடுத்துக்கொள்வாள். அது அவள் உரிமை, ஏன் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். எசெனின் முதல் மூன்று பிள்ளைகளுக்கும் கரண்டி பிடித்தது அத்தைக்காரியான புருல்தான். மூன்று தடவையும் பாத்திரத்தின் அடியில் ஒரு காசு கிடந்தது. மூன்று தடவையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “எடுத்துக்கோடி, வெள்ளி உனக்குத்தான்” என்றாள். மங்கிக் கருத்துப்போன, ஓட்டை விழுந்த காசு. ஜிபாரின் பிறந்த வீட்டார் எங்கேயோ உடைந்த நகையிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று புருல் அப்போதே முடிவுகட்டினாள். சந்தையில் பாத்திரக்காரன் ஒருவனிடம் காட்டினாள். அவன் கையில்கூட வாங்காமல், “தகரம்” என்றான். உலகத்தில் யாரையும் நம்பாதவள் அந்த ஒருத்தனை மட்டும் நம்பினாள். அவள் நினைத்ததையே அவன் சொன்னானே, அதனால். காசுகள் நாயின் கழுத்துக்குப் போயின.

இப்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கே நம் கண்ணில் மண்ணைத் தூவிப் போலிக் காசைத் தண்ணீரில் போட்டவள், அம்மா படுத்ததும் குஞ்சலத்திலும் கை வைத்திருக்கிறாள். மூன்றை வெட்டி விற்றுவிட்டு மூன்று தகரத்தைத் தைத்திருக்கிறாள். பிறகு, “உங்களுதுதானே அக்கா” என்று மடியில் வைக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

இதை அப்படியே விட்டுவிட முடியுமா? விட்டால் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். விடாவிட்டால்? புருல் அதையும் யோசிக்காமல் இல்லை. கணவன் போனான், அம்மா போனாள். இந்த உலகத்தில் அவள் போய்க் கதவைத் தட்டாமல் நுழையக்கூடிய வீடு ஒன்றே ஒன்று, எசென் வீடு. அங்கே இன்னும் அவளை அடுப்பிலிருந்து தள்ளி, உள்பக்கம், மூத்தவர்கள் இடத்தில்தான் உட்காரவைக்கிறார்கள். ஜிபாரைத் திருடி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். தம்பி மனைவி பக்கம்தான் நிற்பான், நிற்கவும் வேண்டும். ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போவதென்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று காசுக்காக, ஆறு கிலோ கறிக்காக, அந்தக் கதவை இழப்பதா? காசுக்காக இல்லை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஏமாந்தவளாகச் சாகக் கூடாது, அவ்வளவுதான்.

ஜிபாருக்கு நான்காவது பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது; அடுத்த ஞாயிற்றுக்கிழமை எசென் சந்தைக் கதவுக்கு வந்தான். கையில் ஆடு இல்லை, முகத்தில் சிரிப்பு.

“அக்கா, வர்ற வியாழன் சின்னவளுக்கு நாப்பது. நீதான் கரண்டி பிடிக்கணும்.”

“ஏன், உன் மாமியா இல்லையா?”

“வர்றாங்க. ஆனா ஜிபார் சொல்லிட்டா, அக்கா கை படாம தண்ணி ஊத்தக் கூடாதுன்னு.”

“அப்படியா சொன்னா?”

“மூணு பிள்ளைக்கும் நீதானே பிடிச்ச. நாலாவதுக்கு மட்டும் என்ன?”

புருல் தம்பியின் முகத்தை டிக்கியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் ஒளிந்திருப்பதாகத் தெரியவில்லை. இவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

“வர்றேன்” என்றாள். “கண்டிப்பா வர்றேன்.”

வியாழக்கிழமை புருல் நல்ல தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு போனாள். குஞ்சலத்திலிருந்து அந்த மூன்று ஊமைக் காசுகளையும் வெட்டியெடுத்துக் கோட்டுப் பையில் போட்டிருந்தாள். நாய் பின்னாலேயே வந்து வாசலில் படுத்துக்கொண்டது.

உள்ளே அடுப்பு எரிந்து அறை கதகதவென்று இருந்தது. ஜிபாரின் அம்மா நூரிலாவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வீடு வீடாகத் துணுக்கு வாங்கி ஜிபார் குழந்தைக்குத் தைத்திருந்த ஒட்டுச்சட்டை மடித்துவைத்திருந்தது. நடுவில் ஒரு அகலப் பாத்திரம், வெதுவெதுப்பான தண்ணீர், அருகில் மரக்கரண்டி. தண்ணீரின் அடியில் ஒரு வெள்ளி மோதிரம் கிடந்தது.

“உள்ள வாங்க அக்கா, இப்படி மேல வாங்க” என்று மூத்தவர்கள் இடத்தைக் காட்டினாள் ஜிபார். நான்காவது பிரசவத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குழந்தையை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள்.

புருல் உட்காரவில்லை. “வெள்ளி போட்டாச்சா?”

“மோதிரம் போட்டிருக்கு.”

“மோதிரம் மட்டும் போதுமா? உன் வீட்டு வெள்ளி இன்னும் கொஞ்சம் எங்கிட்ட இருக்கு, அதையும் சேத்துக்கோ.”

பையிலிருந்து மூன்று காசுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போட்டாள். டக், டக், டக். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ நடக்கிறது என்பது புரிந்தது.

ஜிபார் குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்தாள். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டு மூன்று காசுகளையும் எடுத்தாள். மோதிரத்தைத் தொடவில்லை.

“இது வெள்ளி இல்ல அக்கா. வெள்ளி இல்லாதது பட்ட தண்ணிய பிள்ளை மேல ஊத்தக் கூடாது.”

“கேட்டீங்களா!” புருல் எல்லாப் பெண்களையும் பார்த்துத் திரும்பினாள். “கேட்டுக்கோங்க! தட்டிப் பாக்கல, நிறுத்துப் பாக்கல, தொட்டதுமே வெள்ளி இல்லைங்கிறா. எப்படித் தெரியும் உனக்கு?”

“தெரியும். நான்தான் தைச்சேன்.”

நூரிலாவின் மடியில் குழந்தை சிணுங்கியது. புருலுக்கு வெற்றிதான், கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனால் அது இனிக்கவில்லை. கடைசி நிமிஷம் வரை, இவள் இல்லையென்று சாதிப்பாள், சத்தியம் செய்வாள், ஒருவேளை நாமே தப்பாக இருப்போம் என்று எங்கேயோ ஒரு மூலையில் ஆசைப்பட்டிருக்கிறாள் போல.

“அப்போ எங்க அம்மாவோட மூணு காசு எங்கே?” என்றாள்.

ஜிபார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“உங்க நாய் கழுத்துல.”

வெளியே அக்தோஷ் உண்ணியைச் சொறிந்துகொண்டதோ என்னவோ, காசுகள் சலசலத்தன. யாரோ ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு பீறிட்டு வர, தலைத்துண்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பெரியவனுக்கு நாப்பது வந்தப்ப, அத்தை குஞ்சலத்துலேர்ந்து ஒரு காசை வெட்டச் சொன்னாங்க” என்றாள் ஜிபார். “வெட்டி, அடுப்புக்கரியில தேச்சு மங்கவச்சு, தண்ணியில போடச் சொன்னாங்க. அம்மா காசுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாதாம். காலி இடத்தை யாரும் பாத்து, கிழவி வெள்ளிய வித்துட்டான்னு பேசக் கூடாதுன்னு இந்தப் போலிய வாங்கினோம். ரெண்டு பேரும் சேந்துதான் போய் வாங்கினோம். அடுத்த ரெண்டு பிள்ளைக்கும் அப்படியேதான்.”

“ஏன்?” என்றாள் புருல். “எங்கிட்டயே குடுத்திருக்கலாமே. பெத்த பொண்ணுக்குக் குடுக்க எதுக்கு இத்தனை மறைவு?”

ஜிபார் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். நூரிலா, “சொல்லிடு” என்றாள்.

“‘கையில குடுத்தா எதுக்குக் குடுக்குறேன்னு கேப்பா. தண்ணியில கிடந்தா எடுத்துக்குவா.’ இதான் அத்தை சொன்னது. ‘அவளுக்குப் பிள்ளை இல்ல, மாப்பிள்ளையும் ஏமாத்திட்டுப் போயிட்டான், நாளைக்கு ஆத்திர அவசரத்துக்கு வெள்ளியாவது இருக்கட்டும்’னு சொல்லுவாங்க.”

புருல் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். மூத்தவர்கள் இடத்தில் இல்லை, வாசல் பக்கம், செருப்பு விடுகிற இடத்தில்.

“நாய் கழுத்துல பாத்தப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“அத்தைகிட்டச் சொன்னேன். மொதல்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. ‘விடு, சொன்னா நீதான் மாத்திட்டேன்னு சொல்லுவா. நாயாவது போட்டுக்கட்டும்’னுட்டாங்க.”

அம்மா தன்னை இவ்வளவு சரியாக அறிந்து வைத்திருந்தாள் என்பதுதான் புருலைச் சுட்டது. மூன்று தடவை பக்கத்தில் உட்கார்ந்து, எடுத்துக்கோடி எடுத்துக்கோடி என்று சொன்ன அந்த முகத்தை ஒரு தடவைகூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காசின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. பசுமாட்டுக்காக அழுததற்குப் பிறகு எங்கள் ஊரில் அவள் அழுது பார்த்தவர்கள் யாருமில்லை. அம்மாவின் சாவுக்குக்கூட அவள் வந்தவர்களின் செருப்புகளைத்தான் கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி ஆறுது” என்றாள் நூரிலா. “அழுறதை அப்புறம் வச்சுக்கலாம். பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும்.”

ஒரு பெண் எழுந்து பழைய தண்ணீரைக் கொட்டி, மோதிரத்தைக் கழுவிப் போட்டு, புதுத் தண்ணீர் ஊற்றினாள். புருல் மரக்கரண்டியை எடுத்து நூரிலாவிடம் நீட்டினாள். “நீங்க பிடிங்க. எனக்கு என்ன தகுதி இருக்கு.”

நூரிலா கையை நீட்டவில்லை. ஜிபார்தான் கரண்டியை வாங்கி, திரும்ப அவள் கையிலேயே அழுத்தி வைத்தாள்.

“உங்க கை படாம ஊத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே அக்கா. ஊத்துங்க.”

ஊற்றினாள். பெண்கள் எண்ணினார்கள். குழந்தை முதல் கரண்டிக்கு வீறிட்டு, பிறகு தண்ணீரின் சூட்டில் மெல்ல அடங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தது. வழக்கமாக எண்ணிக்கையில் யாராவது ஒன்றை விட்டுவிட்டால் புருல்தான் சண்டைக்குப் போவாள். அன்றைக்குப் பாதியிலேயே அவளுக்குக் கணக்குத் தப்பிவிட்டது. மற்றவர்கள் நாற்பது என்றதும் நிறுத்தினாள்.

குழந்தைக்கு ஒட்டுச்சட்டையைப் போட்டு முடித்த பிறகு, ஜிபார் தண்ணீருக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்துத் துடைத்தாள். மெலிந்த வெள்ளி மோதிரம். அவளுடைய கல்யாண மோதிரம் அது. இன்றைக்குக் காலையில்தான் கழற்றியிருப்பாள் போல, விரலில் வெளுத்த வளையம் அப்படியே இருந்தது.

“இது உன்னுது” என்றாள் புருல்.

“குஞ்சலம் உங்ககிட்ட வந்துடுச்சு. என்கிட்ட இருக்கிற வெள்ளி இதான். ‘எனக்கப்புறமும் அவ கை வெறுங்கையாப் போகக் கூடாது’ன்னு அத்தை சொல்லிட்டுப் போயிருக்காங்க. எடுத்துக்கங்க.”

மோதிரம் புருலின் உள்ளங்கைக்கு வந்தது. பழக்கத்தில் கட்டைவிரல் அதைப் புரட்டப் போயிற்று. எல்லாரும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருல் கையை மூடினாள். பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு, எழுந்து வந்து, ஜிபார் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனவர்கள் இரண்டு மாற்றங்களைக் கவனித்தார்கள். அக்தோஷின் கழுத்தில் பளபளவென்று மூன்று புதுக் காசுகள் தொங்கின. ஓடினால் டக் டக்கென்று கழுதை லாடம் மாதிரி சத்தம் வந்தது. புருலின் சுண்டுவிரலில், முட்டிக்கு மேல் ஏறாமல், ஒரு மோதிரம் இருந்தது. சேண வெள்ளி வாங்க வந்த சகின் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

“இது யார் குடுத்தது? கொண்டா, தட்டிப் பாக்குறேன். வெள்ளிதானான்னு தெரிஞ்சிடும்.”

“உன் வேலையைப் பாரு” என்றாள் புருல். பிறகு அவனுக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்து எழுந்தாள். “டேய், அந்த டிக்கியைத் திற.”